உல்லாசம் யாருக்கு?

சென்ற தவணையில் பத்தாந் தரத்து மாணவர்க்கு நாம் ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தோம். ‘இலங்கைப் பொருளாதாரத்தில் சுற்றுலாத்துறையின் பங்கு’ என்பது அது. பரீட்சையை எண்ணிக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒருமுறையேனும் கொடுக்கும் தலைப்பே. மறுவாரம் முப்பத்தெட்டுக் கொப்பிகள் எமது மேசைமீது அடுக்கப்பட்டன.

முப்பத்தேழு கொப்பிகளில் ஒரே கட்டுரைதான் இருந்தது. ‘இந்து சமுத்திரத்தின் முத்து’ என்று தொடங்கி, சிகிரியா, யால, அறுகம்பை என்று சுற்றி, ‘அந்நியச் செலாவணி’, ‘வேலைவாய்ப்பு’ என்னும் இரு சொற்களில் இளைப்பாறி, ‘ஆகவே இத்துறையைப் பேணி வளர்ப்பது எமது கடமையாகும்’ என்று அது முடிந்தது. அவ்வாறு எழுதக் கற்றுக்கொடுத்தவர் நாமேயாதலின் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. முப்பத்தெட்டாவது கொப்பி வேறு விதமாக இருந்தது. அதிலே சிகிரியா இல்லை, செலாவணியும் இல்லை. கொழும்பு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடமொன்றில் தன் தாய் வேலை செய்வதையும், வெளுப்பு மருந்தினால் அவள் விரல்கள் வெடித்திருப்பதையும், தந்தை மாலைதீவிலே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்வதையும், அப்பாயி முன்னொரு காலத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்ததையும் அம்மாணவன் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தான். ‘எங்கள் வீட்டில் யாரும் சுற்றுலா போனதில்லை’ என்பது கடைசி வாக்கியம்.

நாம் சிவப்பு மையினால் ‘தலைப்பினின்றும் விலகிச் செல்கிறது’ என்று எழுதி, 20க்கு 7 புள்ளி இட்டோம்.

நாம் வசிப்பது களனியில், கற்பிப்பது கொட்டாஞ்சேனையில். நாள்தோறும் இருமுறை களனி கங்கையைக் கடக்கிறோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பு நோக்கி வரும் அதிவேகப் பாதை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது பேலியகொடையை அண்டி வந்து முடிவதால், உலகின் பல திக்குகளிலிருந்தும் வரும் பயணிகள் நகருக்குள் நுழையுமுன் எமது பஸ்ஸின் அருகே வந்து நிற்பது வழக்கம். அன்று மாலையும் நெரிசலில் ஒரு சொகுசு வண்டி எமது பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் களைத்த முகங்கள் சில. ஒவ்வோர் ஆசனத்தின் தலைமாட்டிலும் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியுறை. அந்த வெண்மையைக் கண்டபோதே அக்கொப்பி நினைவுக்கு வந்தது. இதனை வெளுத்த கை யாருடையது என்று கேட்டவன் எமது வகுப்பில் ஒருவன் இருந்தான். அவனுக்கு நாம் ஏழு புள்ளி கொடுத்தோம். மாணவன் தலைப்பின் நடுவே நின்று எழுதியிருக்க, விலகி நின்றவர் நாமே என்பது அப்போதுதான் உறைத்தது.

இத்துறைக்கு இலங்கைத் தமிழில் வழங்கிய பெயரே சிந்திக்கத்தக்கது. இன்று ‘சுற்றுலா’ என்கிறோம். முன்னாளிலோ ‘உல்லாசப் பயணம்’ என்றார்கள்; ‘உல்லாசப் பயணிகள்’ இன்றும் எமது பத்திரிகைகளில் வந்துபோகிறார்கள். உல்லாசம் பயணிக்கு உரியது என்பதை அப்பெயர் ஒளிக்காமல் சொல்கிறது. அதற்கு எதிரே கொழும்புப் பேச்சில் இன்னொரு சொல் உண்டு. ஹோட்டல் ஊழியனின் கையில் பயணி வைத்துவிட்டுப் போகும் சில்லறைக்குச் ‘சந்தோசம்’ என்று பெயர். ஒரு பக்கத்தில் உல்லாசம், மறு பக்கத்தில் சந்தோசம். இரண்டுக்கும் இடையே கிடப்பது உழைப்பு.

கொட்டாஞ்சேனைக்கு அந்நியப் பயணி புதியவரல்லர். துறைமுகத்தின் அயலிலே வளர்ந்த பகுதி அது. சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற கப்பல்கள் கொழும்பிலே தரித்தன. காலிமுக ஹோட்டல் 1864இலும், துறைமுக வாயிலருகே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875இலும் எழுந்தன. கப்பலிலிருந்து இறங்குவோருக்கு ரிக்ஷா இழுத்தும், மூட்டை சுமந்தும், இரத்தினக்கல்லும் யானைச் சிற்பமும் விற்றும் பிழைத்த குடும்பங்கள் பல. பிற்காலத்தில் ஆகாயவிமானம் கப்பற் பயணியைக் கவர்ந்து கொண்டது. 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு வந்தவர்கள் 18,969 பேர். 1982இல் அத்தொகை நாலு இலட்சத்தைத் தாண்டியது.

1966ஆம் ஆண்டை ஏன் குறிப்பிடுகிறோமெனில், அக்காலத்தில் இந்நாடு அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்று, அரிசி, மா, சீனி, துணி, எண்ணெய் ஆகியவற்றை வாங்கும் பொருளாதாரத்தை வெள்ளையர் எமக்கு விட்டுச் சென்றனர். ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்றுதொட்டு எமது வாழ்வின் விலையை வெளியூர்ச் சந்தை நிர்ணயித்து வந்திருக்கிறது. தேயிலையின் விலை இறங்கினால் எமது அடுப்பும் அணையும். சிறிய தீவு ஒன்றுக்கு எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது எளிதன்று. எண்ணெய்க் கிணறு இல்லை. பெரிய உள்நாட்டுச் சந்தை இல்லை. ஆகவே கடற்கரையையும் வெயிலையும் மலையையும் பழைய தூபிகளையும் விற்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. அதிலே ஒரு வசதியும் உண்டு. தேயிலையைக் கப்பலேற்றி வாங்குவோரிடம் அனுப்பவேண்டும். இப்பண்டத்தையோ வாங்குவோர் தாமே வந்து நுகர்ந்து பணத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதனை முற்றாகப் பழிப்பது நேர்மையன்று. 2018இல் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இங்கு வந்தனர். அவர்களால் கிடைத்த வருமானம் ஏறக்குறைய 440 கோடி அமெரிக்க டொலர். அவ்வாண்டில் தேயிலை ஏற்றுமதி ஈட்டியது சுமார் 143 கோடி டொலர். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்துக்கும் ஆடை ஏற்றுமதிக்கும் அடுத்த இடம் சுற்றுலாவுக்கே உரியதாயிற்று. இவ்வருமானத்தைக் கொண்டே மருந்தும் எரிபொருளும் வாங்குகிறோம். எல்லவில் தன் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன், முச்சக்கர வண்டி ஓட்டி வீடு கட்டியவன், காலைச் சந்தையில் ஹோட்டலுக்கு மீன் விற்பவன், இவர்கள் எல்லோரும் உழைக்கும் மக்களே. பயணி வரக்கூடாது என்று கூறுவோமாயின் முதலில் அடிபடுவோர் அவர்களே. வந்த பணம் எவ்வழியாகப் பாய்கிறது, எங்கே தேங்குகிறது, பயணி வராத நாளில் நட்டத்தை யார் சுமக்கிறார் என்பவையே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.

பணம் பாயும் வழியை அறியக் களனியைவிட்டு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. களனி ரஜமகா விகாரையின் வளவிலே விபீஷணருக்கு ஒரு தேவாலயம் உண்டு. இந்தியாவிலிருந்து வருவோர்க்கென ‘இராமாயணப் பாதை’ என்றொரு யாத்திரை வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் களனியும் ஒரு தரிப்பிடம். நியாயத்தின் பொருட்டு அண்ணனையே விட்டு விலகியவனின் கதையை வழிகாட்டி விரைவாகச் சொல்லி முடிக்க, பயணிகள் படம் எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்புகிறார்கள். விமானச் சீட்டு, வண்டி, அறை, மூன்று வேளைச் சாப்பாடு யாவற்றுக்கும் அவர்கள் தமது ஊரிலேயே பணம் கட்டிவிட்டனர். அப்பணத்தில் ஒரு பங்கு விமானக் கம்பனிக்கும், ஒரு பங்கு அங்குள்ள முகவருக்கும், அறையைப் பதிவு செய்து கொடுத்த வெளிநாட்டு இணையத்தளத்துக்கும் போய்ச் சேர்கிறது. எஞ்சியது இங்கு வந்தாலும், ஹோட்டலின் மதுவுக்கும் பால்கட்டிக்கும் குளிரூட்டிக்கும் மின்தூக்கிக்குமாக அதில் ஒரு பகுதி மீண்டும் கடல் கடக்கிறது. விகாரை வாயிலில் தாமரைப்பூத் தட்டு வைத்திருக்கும் பெண்ணின் முன்னே இருபது நிமிடம் நின்ற அந்த வண்டி, அவளிடம் ஒரு பூவைத் தானும் வாங்காது புறப்பட்டுவிடுகிறது. தோளில் பையுடன் பஸ்ஸில் வந்து, கடையில் தேநீர் குடித்து, சிறு விடுதியில் தங்கும் பயணி செலவழிப்பது குறைவாயினும், அதில் பெரும்பகுதி ஊராரின் கையிலே தங்குகிறது. வந்தவரின் தொகையை மட்டும் எண்ணி மகிழும் அறிக்கைகள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இனி நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பதைப் பார்ப்போம். இதை நாம் நூலிலே படித்தறியவில்லை; அந்த மாணவனின் வீட்டிலே அறிந்தோம்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்குமுன் அவன் வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்தோம். கொட்டாஞ்சேனையின் பின்தெருவொன்றில், கொழும்பு மக்கள் ‘தோட்டம்’ என வழங்கும் நெருங்கிய குடியிருப்பிலே அவர்கள் இருந்தார்கள். அப்பாயி தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடத்துக்கும் ‘தோட்டம்’ என்றே பெயர் இருந்தது. ஒற்றை அறை, ஒரு கட்டில், சுவரிலே அந்தோனியார் படமும் முருகன் படமும். தாய் எம்மைக் கண்டு பதறினாள். ஆசிரியர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டான் என்பதே எளியவர்களின் அனுபவம்.

“என்னங்க சேர், பள்ளிக்கூடத்துல ஏதும் குழப்படி பண்ணிட்டானா?” என்றாள்.

“இல்லை அக்கா, நல்லா எழுதியிருக்கிறான். அதைச் சொல்லத்தான் வந்தோம்” என்றோம். சொல்லும்போதே அந்த ஏழு புள்ளி எமது நெஞ்சில் குத்தியது.

தேநீர் வைத்துக்கொண்டே அவள் தன் கணவனின் கதையைச் சொன்னாள். நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அவர் பதினான்கு ஆண்டுகள் ‘ரூம் போய்’ ஆக இருந்தார். நாற்பது வயது கடந்து, தலை நரைத்த பின்னும் அவருக்கு அதே பெயர்தான். அடிப்படைச் சம்பளம் சொற்பம். பயணியின் கணக்குச் சீட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணமாகச் சேர்க்கப்பட்டு, மாத முடிவில் ஊழியருக்குள் பங்கிடப்படும். அந்தப் பங்கும் ‘சந்தோச’மும் சேர்ந்தே வீட்டை நடத்தின.

“சம்பளம்னு சொன்னா வாடகைக்குக்கூடக் காணாது சேர். ஆள் வந்தாத்தான் சேவிஸ் சாஜ். ஆள் வரல்லேன்னா வெறும் கைதான்” என்றாள்.

இவ்வொரு வாக்கியத்தில் ஒரு தொழிற்றுறையின் அந்தரங்கமே அடங்கியிருக்கிறது. நல்ல காலத்தில் ஊழியனுக்கும் பங்கு கொடுக்கிறோம் என்று முதலாளி பெருமை பேசலாம். அந்த ஏற்பாட்டின் மறுபக்கமோ, கெட்ட காலத்தின் நட்டத்தையும் ஊழியனின் தலையில் இறக்கிவைக்கும் உபாயமாகும். முதலாளிக்கு வங்கிக் கடன் உண்டு. கடனைக் கட்டத் தவணை உண்டு. அரசாங்கத்தின் சலுகை உண்டு. ‘ரூம் போய்’க்கு என்ன உண்டு?

கெட்ட காலம் 2019 ஏப்ரல் 21இல் வந்தது. உயிர்த்த ஞாயிறு தினம். எமது பாடசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பிலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. வழிபட வந்தவர்களும், நாடு காண வந்தவர்களும், அவர்களுக்குக் காலையுணவு பரிமாறிய ஹோட்டல் ஊழியர்களும் அதில் மாண்டனர். செவ்வாய்க்கிழமை தோறும் சைவரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் ஒன்றாக மெழுகுதிரி ஏற்றிய ஆலயம் அது. அடுத்த மே மாதத்தில் வந்த பயணிகளின் தொகை, முந்திய ஆண்டின் மே மாதத்தோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு எழுபது வீதம் வீழ்ந்தது. மாணவனின் தந்தையை ஹோட்டலில் ‘கொஞ்ச நாளைக்கு வீட்டில் நில்லும்’ என்றார்கள். அவர் மீண்டும் அழைக்கப்பட்டுச் சில மாதங்களில், 2020 மார்ச்சில், கொள்ளை நோயினால் விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. 2018இல் இருபத்துமூன்று இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2021 முழுவதிலும் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. அவர் புறக்கோட்டையில் நாட்டாமை வேலைக்குப் போய் மூட்டை சுமந்தார்.

2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டின் எரிவாயு வரிசைகளையும் பெற்றோல் வரிசைகளையும் இருண்ட இரவுகளையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டினால் பரீட்சைகளையே தள்ளிவைத்த காலம் அது. டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவரை ஏறியது. வரிகளைக் குறைத்தமை, கடன்மேல் கடன் வாங்கியமை, உரக் கொள்கையின் தவறு என வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. சுற்றுலா வருமானம் அறுந்துபோனமையும் அவற்றுள் ஒன்று. இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கவேண்டும். ஹோட்டல் அறைக்குப் பயணி கொடுப்பது டொலர். அறையைத் துடைப்பவன் பெறுவது ரூபா. ரூபா வீழ்ந்தபோது, டொலரில் கட்டணம் பெற்ற ஹோட்டலுக்கு ஒவ்வொரு டொலரும் கூடுதலான ரூபாவைத் தந்தது. ஊழியனின் சம்பளத்துக்கோ அரிசியும் பருப்பும் பாதியளவே வந்தன. உல்லாசப் பயணிக்கு நாடு மலிவாயிற்று; நாட்டவனுக்கு நாடு எட்டாததாயிற்று.

அவர் மாலைதீவுக்குப் புறப்பட்டது அதன் பின்னர்தான். எம்மைவிடச் சிறிய தீவுக்கூட்டம் அது. 1972இல் முதலாவது உல்லாசத் தீவு அங்கு திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டுக்கு 2024இல் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அங்கு படுக்கை விரிப்பவர்களிலும் பாத்திரம் கழுவுபவர்களிலும் பலர் இலங்கையர், வங்காளதேசத்தவர், இந்தியர். ஒரு சிறு தீவில் பிழைக்க முடியாதவன் இன்னொரு சிறு தீவுக்குப் போகிறான். அங்கும் அவன் விரிப்பது அதே வெள்ளை விரிப்பு. அவன் அனுப்பும் பணம் ‘வெளிநாட்டு வருமானம்’ என்ற தலைப்பின் கீழ்ப் பதியப்படுகிறது. அவன் மனைவி கொழும்பிலே வெளுக்கும் விரிப்பு ‘சுற்றுலா வருமானம்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அப்பாயி பறித்த கொழுந்து ‘ஏற்றுமதி’ என்ற தலைப்பின் கீழ்ச் சென்றது. நாட்டின் கணக்குப் புத்தகத்தில் மூன்று பக்கங்களை நிரப்பிய குடும்பம் அது. அவ்வீட்டின் கட்டில் ஒன்றே.

மலைநாட்டைப் பற்றி எண்ணாது இப்பகுதியைக் கடக்க முடியாது. இன்றைய பயணிகளின் விளம்பரப் படங்களில் முதலிடம் பெறுவன எல்லவின் ஒன்பது வளைவுப் பாலமும், பச்சைச் சரிவினூடே செல்லும் நீலப் புகையிரதமும், கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுமாகும். அவளும் காட்சிப் பொருளாகிவிட்டாள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவளாக்கப்பட்ட பாட்டியின் பேத்தி அவள். தன் நாட் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று அவள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதனைப் பெற்றாள். 2024இல் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவள் பறித்த தேயிலையை அருந்தி, அவள் வாழும் மலையை வியந்து, அவளைப் படம் எடுத்துக்கொண்டு செல்லும் பயணி, ஓர் இரவு அறைக்குக் கொடுப்பது அவளது ஒரு மாத உழைப்பின் விலையாகவும் இருக்கக்கூடும். பயணியின் மீது எமக்குக் கோபமில்லை. அவரும் தம் ஊரிலே ஆண்டெல்லாம் உழைத்துச் சேமித்து வந்தவராயிருக்கலாம். இரு உழைப்புக்களுக்கும் இத்தனை வேறான விலையை இட்டது எது என்பதே எமது கேள்வி.

இன்னொன்றையும் தமிழாசிரியர் என்ற முறையில் நாம் சொல்லியாகவேண்டும். ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். முன்பின் அறியாதவரைப் பேணுவதே விருந்தோம்பல். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். விமான நிலையத்திலே வெற்றிலையும் புன்னகையும் கொண்டு வரவேற்கும் இந்நாடு அப்பண்பிலே சிறந்ததென்று விளம்பரங்கள் கூறுகின்றன. இந்நாட்டின் தமிழர் கொழும்பிலே எவ்வாறு விருந்தோம்பப்பட்டனர்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘லொட்ஜ்’ எனப்படும் சிறு தங்குவிடுதிகள் நிறைந்திருந்தன. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து கடவுச்சீட்டு எடுக்கவும், வைத்தியம் பார்க்கவும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கவும் வந்த எமது மக்கள் அங்கே தங்கினர். 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில், அவ்விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிசாரால் வெளியேற்றப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்கு வெளியே அனுப்பப்பட்டனர். கொழும்பிலே தங்குவதற்கு அவர்களிடம் தக்க காரணம் இல்லை என்பதே கூறப்பட்ட நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து அச்செயலை நிறுத்தியது. சொந்த நாட்டின் தலைநகரிலே தங்குவதற்குக் காரணம் காட்டவேண்டியிருந்த தெருக்களிலே, இன்று கடற்கரையை நோக்கிய மாடிவீடுகளின் அறைகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அங்கே வந்திறங்கும் பயணி ‘உல்லாசம்’ என்ற ஒரே காரணத்தைச் சொன்னாற் போதும்.

இதனை வசைக்காகக் கூறவில்லை; பொருளாதாரப் பாடமாகவே கூறுகிறோம். 1983 யூலையில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. நாலு இலட்சத்தைத் தாண்டியிருந்த பயணிகளின் தொகை சரியத் தொடங்கி 1987இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. போர் முடிந்த 2009இலும் அது நாலரை இலட்சத்தை எட்டவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் இத்துறை நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளவத்தையில் வைத்த தீ பெந்தோட்டைக் கடற்கரையிலே சிங்களத் தொழிலாளியின் அடுப்பையும் அணைத்தது. அயலவனை வதைக்கும் வீட்டுக்கு விருந்தினர் வரமாட்டார், வந்தாலும் நிலைக்கமாட்டார். உள்ளூர்ச் சமத்துவம் உல்லாசப் பயணத்துறையின் முதலாவது மூலதனம் என்றால் அது மிகையாகாது.

அப்படியாயின் வழி யாது? சிலர் முதலாளித்துவத்தின் கேளிக்கை என்று இத்துறையை ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். சோஷலிசக் கியூபாவின் அனுபவம் அவர்களுக்கு உதவும். சோவியத் யூனியன் 1991இல் குலைந்தபோது, சீனிக்கு இருந்த சந்தையை இழந்த அத்தீவு சுற்றுலாவின் கதவைத் திறக்கவேண்டியதாயிற்று. பசித்த மக்களுக்கு அது உணவும் எண்ணெயும் கொணர்ந்தது. கூடவே, பயணியின் டொலர் இனாம் அரச சம்பளத்தை விஞ்சியதால் ஆசிரியரும் பொறியியலாளரும் தம் தொழிலைவிட்டு ஹோட்டலையும் வாடகை வண்டியையும் நாடிய நிலையும் வந்தது. சிறு தீவு எத்தகைய அரசியலைக் கொண்டதாயினும் இத்துறையைத் தேவையுடனும் எச்சரிக்கையுடனுமே கையாள வேண்டியிருக்கிறது. ஒற்றைத் தூணில் வீட்டைக் கட்டலாகாது. தேயிலை என்னும் தூண் ஆடியதைக் கண்ட நாம், அதற்குப் பதிலாகச் சுற்றுலா என்னும் தூணை நட்டு அதன் கீழ் உறங்கினால், 2019ஐயும் 2020ஐயும் மறந்தவர்களாவோம்.

ஹோட்டல் ஊழியனின் சம்பளம் பயணியின் வருகையை நம்பாத நிலையான சம்பளமாக வேண்டும். சேவைக் கட்டணத்தின் கணக்கு ஊழியரின் கண்முன் வைக்கப்பட வேண்டும். நல்ல ஆண்டுகளின் இலாபத்தில் ஒரு பங்கு, கெட்ட ஆண்டுகளில் வேலை இழப்போருக்கான காப்பு நிதியாகச் சேரவேண்டும். சிறு விடுதிகளுக்கும் ஊர்க் கூட்டுறவுகளுக்கும் கடனுதவி கிடைக்கவேண்டும். மீனவனின் கரைவலைக்கு இடம் விடாது கடற்கரையை வேலியிட்டு அடைக்கும் உரிமை எந்த ஹோட்டலுக்கும் இருத்தலாகாது. சலவைக்கூடத்துப் பெண்ணுக்குக் கையுறை வேண்டும். இவற்றில் எதுவும் கனவன்று. சங்கமாகத் திரண்ட தொழிலாளர் உலகின் வேறு இடங்களில் பெற்றுக்கொண்டவையே.

விடைபெறும்போது அத்தாய் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டாள். “சேர், இவன் சாதாரணதரம் முடிச்சிட்டு ஹோட்டல் கோர்ஸ் படிக்கப் போறேன்றான். அவங்க அப்பா பட்டது போதாதா? நீங்க ஒரு சொல் சொல்லுங்க.”

முன்னராயின் நாம் உடனே, ‘பல்கலைக்கழகத்துக்குப் படி’ என்று சொல்லியிருப்போம். பட்டம் பெற்றவரின் செருக்கு அது. அன்று அச்சொல் வாயில் வரவில்லை. அறை துப்புரவு செய்வது இழிவான தொழிலன்று. நரைத்த மனிதனைப் ‘போய்’ என்று அழைத்து, கடல் கொந்தளித்த அன்று கரையிலே எறிந்துவிடுவதே இழிவு. “அவன் விரும்பினதைப் படிக்கட்டும் அக்கா. ஆனா உயர்தரத்தையும் முடிக்கட்டும். என்ன வேலைக்குப் போனாலும் கணக்கைக் கேக்கத் தெரிஞ்சவனாப் போகவேணும்” என்றோம். அவள் முகம் தெளிந்ததா என்று சொல்ல முடியாது. எமது விடை அவளுக்குப் போதுமானதாக இருந்திராது.

மறுநாள் வகுப்பிலே 7 என்ற எண்ணை வெட்டி 17 என்று எழுதினோம். சிவப்பு வாக்கியத்தையும் வெட்டி, பிழை எமது என்று மாணவரிடம் ஒப்புக்கொண்டோம். அவன் எழுந்து தன் கட்டுரையை வாசித்தான். வாசித்து முடிந்ததும் வகுப்பு சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் ஒருத்தி, தன் மாமா 2019இல் வேலை இழந்ததைச் சொன்னாள். மற்றொருவன் தன் அண்ணன் துறைமுகத்தருகே முச்சக்கர வண்டி ஓட்டுவதைச் சொன்னான். பாடவேளை முடியுமுன் பதினொரு வீடுகளின் கதைகள் வெளிவந்தன. முப்பத்தேழு கொப்பிகளில் காணப்படாத இலங்கை அது.

மணி அடித்தபின் முன் வாங்கு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து, “சேர், சோதனையிலயும் இப்படி எழுதினாப் புள்ளி போடுவாங்களா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. “அந்நியச் செலாவணியையும் எழுது. அதைத் தேடித் தந்தவர் யார் என்பதையும் எழுது. இரண்டையும் எழுதினால்தான் கட்டுரை முழுமையாகும்” என்றோம். அவன் போய்விட்டான். திருத்துபவர்களில் நாமும் ஒருவர் என்பது அவன் போனபின்பே எமக்கு நினைவு வந்தது.